சத்தமில்லாத பவர் சப்ளை: 650 கோல்டா, 850 பிளாட்டினமா?

#1 இலந்தை

வணக்கம். புது டெஸ்க்டாப்புக்குப் பவர் சப்ளை மட்டும்தான் பாக்கி. மத்ததெல்லாம் முடிவாயிடுச்சு: ரைசன் 7 7800எக்ஸ்3டி, ஆர்டிஎக்ஸ் 4070, 32 ஜிபி ராம், ரெண்டு என்விஎம்இ எஸ்எஸ்டி, ஒரு 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க், மூணு 140 மிமீ கேபினெட் ஃபேன். பகல் முழுக்க கோடிங், எழுத்து வேலை. ராத்திரி கேம், சில நாள் வீடியோ ரெண்டரிங்.

கேபினெட் மேசை மேலேயே, காதுக்குப் பக்கத்துல இருக்கும். அதனால சத்தம் இருக்கவே கூடாது. 650 வாட் கோல்ட், 850 வாட் பிளாட்டினம் ரெண்டையும் பார்த்து வச்சிருக்கேன். ஆன்லைன் கால்குலேட்டர் 750ங்குது. பிளாட்டினம் வாங்கினா சத்தம் குறையுமா?

#2 மின்னோடி

முதலில் உங்கள் கணினி உண்மையில் எவ்வளவு இழுக்கும் என்று பார்ப்போம். சத்தம், எஃபிஷியன்சி (சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் பாகங்களுக்குப் போய்ச் சேரும் பங்கு) இரண்டுமே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன.

ஆர்டிஎக்ஸ் 4070 கார்டின் மின் வரம்பு 200 வாட். 7800எக்ஸ்3டிக்கு ஏஎம்டி 120 வாட் டிடிபி (குளிர்விப்புக்குக் கணக்கிடும் வெப்ப அளவு) என்கிறது, சாக்கெட் வரம்பு 162 வாட். ஆனால் அந்தச் சிப்பு இந்த வரம்பைத் தொடுவதே அரிது. எல்லாக் கோரும் ஓடும் ரெண்டரிங்கில்கூட 90 வாட்டுக்குள் அடங்கிவிடும், கேமில் இன்னும் குறைவு. மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து 50 வாட். ஹார்ட் டிஸ்க் ஓடும்போது 8, ஃபேன்களுக்கு ஒரு 6. ஆக, சிபியுவும் ஜிபியுவும் ஒரே நேரத்தில் முழுமூச்சாக ஓடினால் 355 வாட். கேமில் 300 முதல் 320. சும்மா டெஸ்க்டாப்பில் நிற்கும்போது 60க்குப் பக்கம்.

கால்குலேட்டர்கள் எல்லாப் பாகமும் ஒரே நொடியில் உச்சத்தில் இருக்கும் என்று கூட்டி, அதன்மேல் ஒரு தாராளத்தையும் சேர்க்கின்றன. அந்த 750 அப்படி வந்ததுதான்.

பிளக்கில் வாட் மீட்டர் வைத்து அளப்பவர்களுக்கு ஒரு விஷயம்: மீட்டர் காட்டுவது சுவரிலிருந்து போகும் ஏசி. பவர் சப்ளையின் வாட் எண் வெளியே தரும் டிசியைக் குறிக்கிறது. மீட்டரில் 400 என்றால், 90 சதவீத எஃபிஷியன்சியில் பாகங்களுக்குப் போவது 360தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தேவைக்கு மேல் பெரிதாக வாங்குபவர்கள் நிறைய.

#3 செம்புக்கம்பி

கேள்வியோட அடுத்த பாதிக்கு வர்றேன். கோல்ட், பிளாட்டினம்னு தரம் பிரிக்கிற 80 பிளஸ் முத்திரைக்கும் சத்தத்துக்கும் நேரடியா எந்தச் சம்பந்தமும் கிடையாது. அந்தச் சோதனையில சத்தத்தை அளக்கிறதே இல்ல. 115 வோல்ட் அட்டவணைப்படி 20, 50, 100 சதவீத லோடுல எஃபிஷியன்சி எவ்வளவுன்னு மட்டும் பார்ப்பாங்க. பிரான்ஸ் 82/85/82, கோல்ட் 87/90/87, பிளாட்டினம் 90/92/89. டைட்டானியத்துக்கு மட்டும் 10 சதவீத லோடுலயும் 90 வேணும்னு ஒரு நிபந்தனை உண்டு. மத்த முத்திரை எதுலயும் 20 சதவீதத்துக்குக் கீழ என்ன நடக்குதுன்னு யாரும் கேக்கறதில்ல. உங்க மெஷின் பகல் முழுக்க நிக்கப்போற இடமே அதுதான்.

மறைமுகமா ஒரு சம்பந்தம் இருக்கு: வீணாகிற மின்சாரம் மொத்தமும் அந்தப் பெட்டிக்குள்ள சூடா மாறுது, அந்தச் சூட்டைத் தள்ளத்தான் ஃபேன் சுத்துது. 350 வாட் லோடுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க. 86 சதவீதம்னா சுவர்லேருந்து 407 வாட் போகும், 57 வாட் சூடு. 91 சதவீதம்னா 385, சூடு 35. 93 சதவீதம்னா 376, சூடு 26. பிரான்ஸ்லேருந்து கோல்டுக்கு 22 வாட் இறங்குது. கோல்ட்லேருந்து பிளாட்டினத்துக்கு 9 வாட்தான். அந்த 9 வாட்டை நல்ல 135 மிமீ ஃபேன் ஒண்ணு கொஞ்சம் கூடுதலா சுத்தியே சமாளிச்சிடும், காதுக்கு வித்தியாசமே தெரியாது.

அதனால பிளாட்டினத்துல மட்டமான ஃபேன் இருந்தா, நல்ல ஃபேன் போட்ட கோல்டைவிட அதிகமாவே இரையும்.

#4 இலந்தை

அப்போ சத்தத்துக்குன்னு எதைப் பார்த்து வாங்கறது? பெட்டி மேல "சைலண்ட்"னு எல்லாருமே போட்டுக்கறாங்க.

#5 வாசுகி_வி

பவர் சப்ளைகளைச் சோதிக்கிற சைபெனெட்டிக்ஸ் நிறுவனத்தோட முடிவைப் பாருங்க. அவங்க ரெண்டு தரம் தர்றாங்க. ஈட்டா எஃபிஷியன்சிக்கு, லாம்டா சத்தத்துக்கு. லாம்டா ஏ++ன்னா சராசரி 15 டெசிபலுக்குக் கீழ. ஏ+ 15லேருந்து 20. ஏ 20லேருந்து 25. ஏ- 25லேருந்து 30. காதுக்குப் பக்கத்துல வைக்கிறதுன்னா ஏ அல்லது அதுக்கு மேல போங்க.

ஆனா எழுத்தை மட்டும் பார்த்துட்டு நிறுத்திடாதீங்க. லாம்டா அத்தனை லோடுக்கும் சேர்த்த சராசரி. 850 வாட் மாடல் ஒண்ணு 700 வாட்டுக்கு மேல கத்தினா அதுவும் சராசரியில ஏறும். நீங்க 360ஐத் தாண்டவே போறதில்ல, அந்தக் கத்தல் உங்களுக்கு எதுக்கு? அறிக்கைக்குள்ள சத்தத்தோட வரைபடம் ஒண்ணு இருக்கும்: கிடையச்சுல 12 வோல்ட் லோடு, செங்குத்தச்சுல 5 வோல்ட், 3.3 வோல்ட் லோடு, நடுவுல நிறம். கிடையச்சுல 350 வாட் கிட்ட விரலை வச்சு, அந்தக் கட்டம் என்ன நிறம்னு பாருங்க. ஃபேன் வேகத்துக்கும் அதே மாதிரி தனி வரைபடம் இருக்கும். மொத்த அறிக்கையில உங்களுக்கு வேண்டியது அந்த ரெண்டு படம்தான்.

தோராயமா, 120 மிமீக்கு மேலான நல்ல ஃபேன் 600 ஆர்பிஎம்முக்குக் கீழ சுத்தினா மூடின கேபினெட்டுக்கு வெளியே கேட்காது. 1000ஐத் தாண்டினா அமைதியான அறையில தெரிய ஆரம்பிக்கும்.

#6 ராக்கெட்_ராம்

இவ்வளவு ஆராய்ச்சி எதுக்கு? 1000 வாட் ஒண்ணைப் போடுங்க. 350 வாட் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல, ஃபேன் சுத்தவே சுத்தாது. நாளைக்குப் பெரிய கார்டு வந்தாலும் கவலை இல்ல.

#7 மின்னோடி

இதில் பாதி சரி. பெரிய பவர் சப்ளையில் ஃபேன் தாமதமாகத்தான் வேகமெடுக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

மறுபாதி, குறைந்த லோடு. இலந்தையின் கணினி தினமும் எட்டு மணி நேரம் 60 வாட்டில் நிற்கும். 1000 வாட் மாடலில் அது 6 சதவீதம், 650ல் 9 சதவீதம். அந்தப் பகுதியில் எஃபிஷியன்சி கோடு சரிவாக விழும். காரணம் எளிது: ஏபிஎஃப்சி சுற்று (சுவரிலிருந்து இழுக்கும் மின்னோட்டத்தை அலைக்கு ஏற்பச் சீராக்கும் பகுதி), கன்ட்ரோலர், டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பிழப்பு இவையெல்லாம் லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவு தின்னும். 60 வாட்டுக்கு ஒரு மாடல் 88 சதவீதமும் இன்னொன்று 82 சதவீதமும் தந்தால், சுவரில் 68 வாட்டுக்கும் 73 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 14, 15 யூனிட். பெரிய தொகை இல்லைதான். ஆனால் 350 வாட்டில் கோல்டுக்குப் பதில் பிளாட்டினம் வாங்கி, தினம் மூன்று மணி நேரம் விளையாடி மிச்சமாவது பத்து யூனிட்டுக்குள்தான். முத்திரைக்குக் கூடுதல் பணம் தரும் முன் குறைந்த லோடு எண்ணைப் பார்ப்பதே லாபம் என்கிறேன்.

ஏடிஎக்ஸ் 3.0 என்ற பவர் சப்ளை தரநிலை வந்தபிறகு இதில் முன்னேற்றம் உண்டு. 10 வாட் அல்லது 2 சதவீத லோடில் குறைந்தது 60 சதவீத எஃபிஷியன்சி வேண்டும் என்கிறது, 70ஐப் பரிந்துரைக்கிறது. பழைய வடிவமைப்புகள் பல அங்கே தடுமாறும்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஒரே வரிசையில் வரும் 750ம் 850ம் பெரும்பாலும் ஒரே சர்க்யூட் போர்டு, ஒரே ஃபேன். கெப்பாசிட்டரும் மாஸ்ஃபெட்டும் மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் 850 எடுப்பதால் குறைந்த லோடில் பெரிய நஷ்டம் இல்லை. 1000, 1200 என்று போகும்போதுதான் போர்டே வேறாகிறது.

#8 செம்புக்கம்பி

ராம் சொன்ன "ஃபேன் சுத்தாது" விஷயத்தைக் கொஞ்சம் விரிவா பேசணும், ஏன்னா சத்தப் புகார் பாதி அங்கேருந்துதான் வருது.

செமி பேசிவ் மாடல்ல ஒரு குறிப்பிட்ட லோடு, இல்லன்னா வெப்பம் வர்ற வரைக்கும் ஃபேன் நின்னே இருக்கும். கோர்செயர் ஆர்எம்எக்ஸ் வரிசையில இது இருக்கு. சீசானிக் ஃபோகஸ் ஜிஎக்ஸ்ல பின்பக்கம் ஹைப்ரிட் பட்டன் வச்சு, வேணும்னா போட்டுக்க வேண்டாம்னா அணைச்சுக்கன்னு விட்டிருக்காங்க. பீ கொயட்டோட ஸ்ட்ரெய்ட் பவர் 12 மாதிரி மாடல்ல ஃபேன் நிக்கிறதே இல்ல, ரொம்ப மெதுவா சுத்திக்கிட்டே இருக்கும்.

எது நல்லது? நின்ன ஃபேனைவிட அமைதியான ஃபேன் கிடையாதுன்னு தோணும். ஆனா உங்க லோடு சரியா அந்த எல்லைக் கோட்டுல நின்னா, ஃபேன் கிளம்பும், சூடு இறங்கும், நிக்கும், மறுபடி சூடாகும், கிளம்பும். ஒவ்வொரு தடவையும் நின்ன ஃபேனைக் கிளப்ப ஒரு உதை கொடுத்தாகணும், அப்போ வேகம் ஒரு நொடி எகிறி இறங்கும். சீரான 500 ஆர்பிஎம்மைக் காது பத்து நிமிஷத்துல மறந்துடும். இந்த "உஸ்ஸ்"னு வந்து வந்து போறதை மறக்கவே மறக்காது. நல்ல மாடல்ல கிளம்புற வெப்பத்துக்கும் நிக்கிற வெப்பத்துக்கும் நடுவுல போதுமான இடைவெளி விட்டிருப்பாங்க. அதுல கோட்டை விட்ட மாடல்னா ஹைப்ரிட் பட்டனை அணைச்சிட்டு ஃபேனை மெதுவா ஓடவே விடுங்க. பட்டனே இல்லாத மாடல்ல மாட்டிக்கிட்டா வழி இல்ல.

மாட்டற திசையும் முக்கியம். அடியில வலையும் காத்து வர இடமும் இருந்தா ஃபேனைக் கீழ் நோக்கி வைக்கிறது வழக்கம். ஃபேன் சுத்துற வரைக்கும் அது சரி. ஆனா ஃபேன் நிக்கிற நேரத்துல சூடு மேலதான் ஏறும். ஃபேன் கீழ இருந்தா மேல மூடின தகடுதான் இருக்கும், சூடு உள்ளேயே தங்கும். கேபினெட்டுல பவர் சப்ளைக்கு மேல மறைப்பு இல்லன்னா, செமி பேசிவ் மாடலை ஃபேன் மேல் நோக்கி மாட்டிப் பாருங்க. ஃபேன் கிளம்பற நேரம் தள்ளிப் போகும். அப்படி மாட்டினா மேலேருந்து ஸ்க்ரூ எதுவும் கிரில்லுக்குள்ள விழாமப் பார்த்துக்கணும்.

#9 இலந்தை

இது யோசிச்சே பார்க்கல. என் கேபினெட்டுல மறைப்பு இருக்கு, அடியில வலையும் இருக்கு. ஃபேனே இல்லாத மாடல் எடுத்தா இந்தத் தொல்லையே இல்லையே? சீசானிக் பிரைம் ஃபேன்லெஸ் பார்த்தேன்.

#10 வாசுகி_வி

உங்க கேபினெட்டுக்கு வேண்டாம். ஃபேன் இல்லாத மாடல் தன் சூட்டை வெளியேத்த மேல திறந்த இடமும் கேபினெட் காத்தோட்டமும் வேணும். மூடின மறைப்புக்குள்ள வச்சா கெப்பாசிட்டர்தான் அடி வாங்கும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் 10 டிகிரி கூடுதல் சூட்டுல இருந்தா ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

கூடவே, சின்ன காயில் வைன்கூட (சுருள் அதிர்ந்து வர்ற கீச்சுச் சத்தம்) அதுல தெளிவாக் கேட்கும். மறைக்க வேற சத்தம் எதுவும் இல்லையே.

#11 நீலமணி

காயில் வைன் பேச்சு வந்ததால கேக்கறேன். என் சிஸ்டம்ல கேம் மெனு திறந்தா "கீஈ"ன்னு சன்னமா ஒரு சத்தம். பவர் சப்ளையா, கார்டான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

#12 மின்னோடி

மெனுவில் வருகிறதென்றால் முதல் சந்தேகம் கிராஃபிக்ஸ் கார்டின் மேல். மெனுவில் வரைய ஒன்றுமில்லாததால் ஃபிரேம் எண்ணிக்கை ஆயிரத்துக்கு மேல் ஓடும். கார்டின் மின்னோட்டமும் அதே வேகத்தில் ஏறி இறங்கும். சுருள்கள் அதே தாளத்தில் அதிரும். டிரைவரில் ஃபிரேம் வரம்பை 120 என்று வைத்துப் பாருங்கள். சத்தம் அடங்கினாலோ சுருதி மாறினாலோ, லோடோடு சேர்ந்த வைன் என்பது உறுதி.

அடுத்து இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தாளைக் குழாய் போல் சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைப் பக்கத் தகடு கழற்றிய கேபினெட்டின் அருகிலும் வைத்து மெல்ல நகர்த்துங்கள். ஃபேன் இறக்கைக்குள் குழாய் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார்டின் பின்பலகையா, பவர் சப்ளையின் கிரில்லா என்பது தெரிந்துவிடும்.

பவர் சப்ளையின் வைன் வேறு நேரத்தில் வரும். உள்ளே மின்னழுத்தத்தை மாற்றும் எல்எல்சி சுற்று ஓடும் அதிர்வெண் பல பத்து கிலோஹெர்ட்ஸுக்கு மேல், காதுக்கு எட்டாது. ஆனால் லோடு மிகக் குறைவானால் சில கன்ட்ரோலர்கள் மின்சாரத்தைச் சிறு சிறு வெடிப்புகளாக விட்டு விட்டுத் தரும். அந்த இடைவெளியின் அதிர்வெண் காது கேட்கும் எல்லைக்குள் விழும். ஆகவே கணினி சும்மா நிற்கும்போதோ ஸ்லீப்பிலோ "சிர்ர்" என்றால் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள்.

கார்டு என்றால் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். வேகம் கொஞ்சம்தான் குறையும். வைன், கார்டு ஃபேன், பவர் சப்ளை ஃபேன் மூன்றும் சேர்ந்து தணியும்.

#13 நீலமணி

120ல் வைத்தேன், முழுசா அடங்கிடுச்சு. கார்டுதான். நன்றி. இன்னொண்ணு: யூபிஎஸ்ஸுக்கு மாறும்போது மட்டும் பவர் சப்ளை "ர்ர்ர்"ன்னு உறுமுது.

#14 செம்புக்கம்பி

யூபிஎஸ் சதுர அலை மாதிரி, படிப்படியா வர்ற போலி சைன் அலை தருதுன்னு அர்த்தம். ஏபிஎஃப்சி சுற்று வளைவான சைன் அலையை எதிர்பார்க்குது. படிக்கட்டு மாதிரி வர்ற அலையில மின்னோட்டம் குத்துக் குத்தா பாயும், உள்ள இருக்கிற ஃபில்டர் சுருள் உறுமும். சில ஜோடியில உறுமலோட நிக்கும், சிலதுல மாறுற அந்தக் கணமே கணினி அணைஞ்சிடும். தூய சைன் அலை யூபிஎஸ்தான் தீர்வு.

ஹோல்டப் நேரமும் பாருங்க. மின்சாரம் நின்னதுக்கப்புறம் பவர் சப்ளை தாக்குப்பிடிக்கிற நேரம் அது. ஏடிஎக்ஸ் 3.1 முழு லோடுக்கு 12 மில்லி செகண்ட், 80 சதவீத லோடுக்கு 17 கேக்குது. யூபிஎஸ் மாற 10 மில்லி செகண்ட் எடுத்துக்கிட்டா, முழு லோடுல மிச்சம் இருக்கிறது ரெண்டே ரெண்டு. பாதி லோடுல ஓட்டறவங்களுக்கு இந்தப் பயம் இல்ல.

#15 ராக்கெட்_ராம்

சரி, 1000 வாட்டை விடறேன். ஆனா 650 போதும்ங்கறீங்களா? 30 சீரிஸ் கார்டுகள்ல திடீர் ஸ்பைக் வந்து நல்ல பவர் சப்ளையே ட்ரிப் ஆச்சே.

#16 மின்னோடி

நியாயமான கேள்வி. ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகள் சில மைக்ரோ செகண்டுகளுக்குத் தங்கள் வரம்பைப்போல் இரு மடங்கு வரை தாவின. அன்றைய பவர் சப்ளைகள் சிலவற்றின் பாதுகாப்புச் சுற்று அதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு அணைத்துவிட்டது. அறிகுறி இதுதான்: நீலத்திரை எதுவும் வராமல் பட்டென்று இருட்டு, பிறகு தானாக ரீஸ்டார்ட். விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் கெர்னல்-பவர் 41 என்று மட்டும் இருக்கும். அந்த 41 மின்சாரம் திடீரென்று போனதைச் சொல்லுமே தவிர, குற்றவாளி பவர் சப்ளைதான் என்று சொல்லாது.

அதன்பிறகு 2022ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0, 16 பின் கனெக்டர் உள்ள 450 வாட்டுக்கு மேற்பட்ட மாடல்கள் தம் வாட் அளவைப்போல் 200 சதவீதத்தை 100 மைக்ரோ செகண்ட் தாங்கவேண்டும் என்று விதித்தது. 200 வாட் கார்டுக்கு ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 உள்ள 650 தாராளம். 300 வாட் கார்டுக்கு மாறும் எண்ணம் இருந்தால் 750 எடுங்கள். லோடு அப்போதும் அறுபது சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

3.1ல் 12விஎச்பிடபிள்யூஆர் என்ற அந்த 16 பின் கனெக்டர் போய் 12வி-2×6 வந்தது. மாற்றம் சாக்கெட் பக்கம்தான்: சென்ஸ் பின்களைக் குட்டையாக்கினார்கள், ஆகவே பிளக் சரியாக உட்காராவிட்டால் கார்டு மின்சாரம் இழுக்காது. கேபிள் பழையதேதான். 4070ல் பல மாடல்களுக்கு ஒற்றை 8 பின்னே போதும். உங்கள் கார்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

#17 வாசுகி_வி

உள்ளே என்ன இருக்குன்னும் ஒரு பார்வை. விமர்சனத்துல இந்த வார்த்தைகள் வருதான்னு பாருங்க: எல்எல்சி, சின்க்ரனஸ் ரெக்டிஃபிகேஷன், 5 வோல்ட்டுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் தனி டிசி-டிசி. "குரூப் ரெகுலேட்டட்"னு வந்தா தள்ளிடுங்க. அதுல 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ஒரே கட்டுப்பாட்டுல இருக்கும். இப்போ கணினி இழுக்கறது பெரும்பாலும் 12 வோல்ட்டுல, அதனால அந்தப் பக்கம் தாழ்ந்து 5 வோல்ட் மேல ஏறும்.

கெப்பாசிட்டர் 105 டிகிரி ரகமா இருக்கணும். 12 வோல்ட்டுல ரிப்பிள் (மின்னழுத்தத்துல வர்ற சின்ன ஏற்ற இறக்கம்) 120 மில்லிவோல்ட் வரை விதி அனுமதிக்குது; நல்ல மாடல் 30க்குள்ள நிக்கும்.

ஃபேன்ல ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் பாருங்க. சாதா ஸ்லீவ் பேரிங் படுக்கையா மாட்டினா எண்ணெய் வத்தி, ரெண்டு மூணு வருஷத்துல கரகரன்னு பேச ஆரம்பிக்கும். டபுள் பால் பேரிங் ரொம்ப நாள் உழைக்கும், ஆனா மெதுவான வேகத்துல மெல்லிசா ஒரு உரசல் கேட்கும். உங்க மாதிரி காதுக்குப் பக்கத்துல வைக்கிறவங்களுக்கு அது ஒத்துவராது.

பிராண்டு பேரை மட்டும் நம்பி வாங்காதீங்க. ஒரே பிராண்டோட ரெண்டு வரிசையை ரெண்டு வேற தொழிற்சாலை செய்யறது சாதாரணம். மாடல் பேரை முழுசா, வருஷத்தோட தேடுங்க.

#18 இலந்தை

முடிவு பண்ணிட்டேன்: 750 வாட், கோல்ட், ஏடிஎக்ஸ் 3.1, லாம்டா ஏ, ஃப்ளூயிட் பேரிங், ஹைப்ரிட் பட்டன். வரைபடத்துல 350 வாட் கட்டம் 20 டெசிபலுக்குக் கீழ காட்டுது. மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது?

#19 செம்புக்கம்பி

நல்ல தேர்வு. அடி வலை தரையிலேருந்து ரெண்டு செமீயாவது உயரத்துல இருக்கணும், கீழ துணி விரிப்பு கூடாது. அந்த வலையில தூசி அடைச்சா ஃபேன் வேகம் ஏறும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை உருவித் தட்டுங்க. நாலு ஸ்க்ரூவையும் முதல்ல தளர்வா மாட்டி, பவர் சப்ளை நேரா உட்கார்ந்த பிறகு குறுக்காக் குறுக்கா இறுக்குங்க. ஒரு மூலை தூக்கி நின்னா தகடே அதிரும், அதைக் காயில் வைன்னு நினைச்சு அலைவீங்க. உங்க ஹார்ட் டிஸ்க்குக்கும் ரப்பர் வாஷர் போடுங்க. பவர் சப்ளை இவ்வளவு அமைதியானதும் அடுத்து கேட்கப்போறது அதோட உறுமல்தான்.

கார்டுக்கு ரெண்டு 8 பின் வேணும்னா தனித்தனி கேபிள் ரெண்டு இழுங்க, ஒரே கேபிள்ல தொங்கற ரெண்டாவது தலையைச் சொருகாதீங்க. 16 பின்னா இருந்தா "டக்"குன்னு கேட்கும் வரை அழுத்தி, பக்கவாட்டுல இடைவெளி தெரியுதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. கனெக்டர்லேருந்து 35 மிமீக்கு அப்புறம்தான் கேபிளை வளைக்கணும்.

#20 மின்னோடி

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பழைய பவர் சப்ளையைக் கழற்றி இதை மாட்டுபவர்கள், சாட்டா கேபிள் ஏற்கெனவே ஓடியிருக்கிறதே என்று அதையே விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளில் டிஸ்க் பக்க முனைக்குத்தான் தரநிலை உண்டு. பவர் சப்ளை பக்க முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பது பிராண்டுக்குப் பிராண்டு, சில சமயம் வரிசைக்கு வரிசை மாறும். பிளக் கச்சிதமாகப் பொருந்தும்; 5 வோல்ட் போகவேண்டிய கம்பியில் 12 வோல்ட் போகும்; சுவிட்சைப் போட்ட கணமே ஹார்ட் டிஸ்க் போய்விடும். பெட்டியோடு வந்த கேபிள்களை மட்டும் பயன்படுத்துங்கள், பழையவற்றைப் பழைய பவர் சப்ளையோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.

ஃபேன் எப்படி இருந்தாலும் பெட்டியைத் திறந்து மாற்ற முயலவேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் முதன்மைக் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். முதல் வாரத்திலேயே ஹைப்ரிட்டைப் போட்டு ஒரு நாள், அணைத்து ஒரு நாள், ரெண்டரிங் ஓடவிட்டு ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்கள். வைனோ உரசலோ இருந்தால் திருப்பித் தரும் காலக்கெடுவுக்குள் மாற்றிவிடலாம்.